விடுதலைக்குப் பின் மூன்றரை வருடம்

ஆஸ்கார் வைல்டைப் பற்றி வந்த படங்கள் பெரும்பாலும் சிறை வாசலைத் தாண்டி அதிக தூரம் போகாது. 1960இல் மட்டும் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் ராபர்ட் மோர்லி, இன்னொன்றில் பீட்டர் ஃபின்ச். இரண்டிலும் நீதிமன்றம்தான் மையம். 1997இல் ஸ்டீஃபன் ஃப்ரை நடித்த ‘வைல்ட்’, விடுதலையானவர் தன் காதலனை மறுபடி சந்திக்கும் இடத்தில் நின்றுவிடும். திரைக்கதை எழுதுபவர்களைக் குறை சொல்ல முடியாது. 1895 பிப்ரவரியில் லண்டனில் ஒரே நேரத்தில் இரண்டு நாடகங்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஆள். ஏப்ரலில் கைது. சுவரொட்டிகளில் நாடகத்தின் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. மே 25 அன்று இரண்டு வருடக் கடுங்காவல். இதைவிட வேகமான வீழ்ச்சியை யாரும் கற்பனையாக எழுதிவிட முடியாது. நடுவில் வழக்கறிஞர் கேட்கும் கேள்விக்குக் கூண்டிலிருந்து அவர் சொல்லும் பதில்கள் வேறு. வசனகர்த்தாவுக்கு வேலையே இல்லை.

அதற்குப் பிறகு என்ன ஆனார்? 1897 மே 19 அன்று வெளியே வந்தார், அன்றிரவே கப்பலேறி பிரான்ஸுக்குப் போனார், மறுபடி இங்கிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. 1900 நவம்பர் 30 அன்று பாரிஸில் ஒரு மலிவான ஓட்டலில் இறந்தார். வயது 46. இடையில் இருந்த மூன்றரை வருடத்தை எல்லாரும் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள். ரூபர்ட் எவரெட் எழுதி, இயக்கி, நடித்த ‘தி ஹேப்பி பிரின்ஸ்’ (2018) அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் நடக்கிறது.

நான் இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பெரிய படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என்னை விடவில்லை.

படத்தில் வைல்ட் முதலில் நம் கண்ணில் படும்போது பார்க்கவே சகிக்காது. ஊதிப்போன உடம்பு, அழுக்கேறிய கோட்டு, கன்னத்தில் பூசிய சாயம். பாரிஸ் தெருவில் லண்டன் காலத்தில் அறிமுகமான ஒரு பெண் அவரை அடையாளம் கண்டுகொள்கிறார். இவர் மரியாதையாக, பழைய தோரணையோடு, காசு கேட்கிறார். பிச்சைதான். ஆனால் அதை ஒரு நாடக வசனம் மாதிரிக் கேட்கிறார். கிடைத்த காசு குடிக்குப் போகிறது, ஒரு பையனுக்குப் போகிறது. மதுக்கடையில் மேஜைமேல் ஏறி நின்று பழைய மேடைப் பாட்டு ஒன்றைப் பாடுகிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஒரு நிமிடம் அவர் மறுபடி லண்டனின் ராஜா. அடுத்த நிமிடம் கீழே கிடக்கிறார்.

ஒரு தியாகியின் படத்தை இப்படித் தொடங்க மாட்டார்கள். எவரெட் தெரிந்தேதான் தொடங்குகிறார்.

*

எந்தச் சட்டத்தில் அவர் உள்ளே போனார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1885இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஒரு குற்றவியல் திருத்தச் சட்டம் வந்தது. சிறுமிகளைப் பாலியல் தொழிலில் தள்ளுவதைத் தடுப்பதும், சம்மத வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்துவதும்தான் அதன் நோக்கம். நல்ல சட்டம். அது நிறைவேறும் தறுவாயில் ஹென்றி லபூஷேர் என்ற உறுப்பினர் ஒரு பிரிவைச் செருகினார். இரண்டு ஆண்களுக்கிடையே ‘மோசமான ஒழுக்கக்கேடு’ நடந்தால், பொது இடமோ தனியறையோ, இரண்டு வருடம் வரை சிறை. ஒழுக்கக்கேடு என்றால் என்ன என்று சட்டத்தில் விளக்கமே இல்லை. பெரிய விவாதமும் இல்லை. ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி, ரிவ்யூ இல்லாமல், சம்பந்தமில்லாத ஒரு கோடுக்குள் ஒருத்தர் நாலு வரியைச் சேர்த்து மெர்ஜ் பண்ணிவிட்டுப் போன கதை. எங்கள் தொழிலில் இதைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் எங்கள் நாலு வரி மிஞ்சிப்போனால் ஒரு வாரம் ஓடும். இந்தப் பிரிவு வேறு சட்டங்களுக்குள் இடம் மாறி, 1967இல்தான் தளர்ந்தது.

வைல்ட் உள்ளே போன அதே பிரிவில்தான், 57 வருடம் கழித்து, 1952இல், ஆலன் டூரிங் தண்டிக்கப்பட்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த எல்லாருக்கும் டூரிங் இயந்திரம் தெரியும், செமஸ்டரில் பதினாறு மார்க் கேள்வி. அவர் எப்படிச் செத்தார் என்பது எங்கள் சிலபஸில் இல்லை. 2013இல் பிரிட்டிஷ் அரசு டூரிங்குக்கு மட்டும் தனியாக அரச மன்னிப்பு கொடுத்தது. போரில் ஜெர்மானியர்களின் சங்கேதத்தை உடைத்தவர், லட்சக்கணக்கான உயிரைக் காப்பாற்றியவர் என்றுதான் வாதாடினார்கள். அதே பிரிவில் தண்டனை பெற்ற மற்றவர்களுக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘தி ஹேப்பி பிரின்ஸ்’ முடியும்போது திரையில் எழுத்து வருகிறது: அந்த மற்றவர்களில் ஆஸ்காரும் ஒருவர்.

இந்த நாலு வருட இடைவெளி எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாட்டைக் காப்பாற்றியவன் முதலில். மற்றவன் பிறகு.

*

சிறையில் இருந்த கடைசி மாதங்களில் வைல்ட் தன் காதலன் ஆல்ஃபிரட் டக்ளஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ‘டி ப்ரொஃபண்டிஸ்’ என்ற பெயரில் பின்னால் பிரபலமானது அதுதான். எல்லாரும் ‘போஸி’ என்று கூப்பிட்ட அந்தப் பிரபுவின் மகன்தான் இவ்வளவுக்கும் காரணம் என்று முதல் பாதியில் கணக்குப் போட்டு எழுதுகிறார். எந்த ஓட்டலில் எவ்வளவு செலவு என்பதுகூட இருக்கும். இரண்டாம் பாதியில் மனம் மாறி, துயரம் தனக்குப் பணிவைக் கற்றுக்கொடுத்துவிட்டது, கிறிஸ்துதான் உண்மையான கலைஞன், இனி புதிய வாழ்க்கை என்கிறார். படிக்கிற யாரும் கலங்காமல் இருக்க முடியாது. நானும் கல்லூரிக் காலத்தில் படித்துக் கலங்கியிருக்கிறேன்.

வெளியே வந்த முதல் சில மாதங்கள் அந்தக் கடிதத்துக்குப் பொருத்தமாகவே நடந்துகொண்டார். பிரான்ஸின் கடலோரக் கிராமம் பெர்னவாலில் செபாஸ்டியன் மெல்மாத் என்ற பெயரில் தங்கினார். சிறையில் பட்டினி கிடந்த ஒரு சிறுவனுக்கு பிஸ்கட் கொடுத்ததற்காக வேலை நீக்கம் செய்யப்பட்ட காவலருக்காக லண்டன் பத்திரிகைக்கு நீண்ட கடிதம் எழுதினார். சிறையில் குழந்தைகளை எப்படி நடத்துகிறார்கள் என்று அவர் அதில் எழுதியது இன்றும் கூசவைக்கும். விக்டோரியா ராணியின் வைரவிழாவுக்கு அந்தக் கிராமத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஸ்ட்ராபெரியும் கேக்கும் விருந்து வைத்தார். தன்னைச் சிறையில் போட்ட நாட்டின் ராணிக்கு! ‘ரீடிங் சிறைப் பாடல்’ எழுதத் தொடங்கியதும் அங்கேதான். அது 1898இல் வந்தபோது எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் அவருடைய சிறை அறை எண்தான் இருந்தது: சி.3.3.

படத்தை இங்கே முடித்திருந்தால் நாம் எல்லாரும் நிம்மதியாக அழுதுவிட்டு வந்திருப்போம்.

ஆகஸ்ட் மாதம் ரூவான் நகரத்தில் போஸியைச் சந்திக்கிறார். படத்தில் அது ரயில் நிலையத்தில் நடக்கிறது. ஐம்பதாயிரம் சொல்லில் கழுவி ஊற்றிய அதே ஆள். பார்த்ததும் எல்லாம் போச்சு. இருவரும் நேப்பிள்ஸ் போய் ஒரு வில்லாவை வாடகைக்கு எடுக்கிறார்கள். கையில் காசில்லை. மனைவி கான்ஸ்டன்ஸ் வருடத்துக்கு 150 பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தார், போஸியோடு சேரக்கூடாது என்ற நிபந்தனையோடு. செய்தி போனதும் அது நின்றது. அந்தப் பக்கம் போஸியின் அம்மாவும் மகனுக்கு அனுப்புவதை நிறுத்தினார். இரண்டு குழாயையும் ஒரே சமயத்தில் அடைத்ததும் சில மாதங்களில் அந்தக் குடித்தனம் கலைந்தது. இந்த நேப்பிள்ஸ் பகுதியை எவரெட் எடுத்திருக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். காவியக் காதல் எதுவும் கிடையாது. எரிச்சல், சோம்பல், யார் பணம் கொடுப்பது என்ற சண்டை. காலின் மார்கனின் போஸி அழகாக இருக்கிறான், சலிப்போடு இருக்கிறான், காசு தீர்ந்ததும் கிளம்பிவிடுகிறான்.

வைல்டின் நண்பர்கள் கொதித்துப்போனார்கள். இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லையே என்றுதான். நான் முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

*

இரண்டாவது தடவை பார்த்தது டப்ளினில். 2019 அக்டோபரில் வேலை விஷயமாக மூன்று வாரம் போயிருந்தேன். கல்லூரி ஹாஸ்டலில் நான்கு வருடம் என் பக்கத்து அறையில் இருந்த நண்பன் அங்கேதான் இருக்கிறான். கோவில்பட்டிப் பக்கம். அவன் ‘கே’ என்பது ஹாஸ்டலில் என்னோடு சேர்த்து இரண்டு பேருக்குத்தான் தெரியும். 2013 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட் 377ஐ மறுபடி உயிர்ப்பித்தபோது அவன் போனில் அதிகம் பேசவில்லை. “ரெஸ்யூம் அப்டேட் பண்ணிட்டேன்டா,” என்று மட்டும் சொன்னான். ஆறு மாதத்தில் கிளம்பிவிட்டான். அந்த 377, லபூஷேரின் பிரிவுக்கும் கால் நூற்றாண்டு மூத்தது, இங்கிலாந்துக்காரர்கள் 1860இல் நமக்கு எழுதிக் கொடுத்தது. நம் நாட்டில் அதன் பல்லைப் பிடுங்கியது 2018 செப்டம்பர் 6. இந்தப் படம் லண்டனில் திரைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரியன் சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். வைல்ட் சிறுவயதில் வளர்ந்த வீட்டுக்கு எதிரே பூங்காவில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. சிலை என்றால் நம் ஊர் மாதிரி பீடத்தில் விறைத்து நிற்பதில்லை. ஒரு பெரிய பாறைமேல் காலை மடக்கி, சாய்ந்து படுத்திருக்கிறார். சட்டைக்குப் பச்சைக் கல், காலருக்கு இளஞ்சிவப்புக் கல். முகத்தில் ஒரு நக்கல் சிரிப்பு. எதிரே ஒரு தூணின்மேல் கர்ப்பிணிப் பெண்ணின் சிறிய வெண்கலச் சிலை, அது கான்ஸ்டன்ஸ். சுற்றுலாப் பயணிகள் பாறைப் பக்கமே போய் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும்தான்.

அன்று ராத்திரி அவன் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படம் பார்த்தோம். நடுவில் அவன் அம்மா போன் பண்ணினார். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் கடைசித் தவணை பற்றிய பேச்சு. வீட்டில் சொல்லி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா அன்றிலிருந்து பேசுவதில்லை. வீட்டு லோன் மட்டும் இவன் அக்கவுண்டிலிருந்து மாதம் ஐந்தாம் தேதி போய்க்கொண்டிருக்கிறது. அம்மா பேசுவார். ஒவ்வொரு தடவையும் கடைசியில், “நீ நல்ல புள்ளப்பா, உன் மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது,” என்பார். ‘அது ஒண்ணைத் தவிர’ என்பது சொல்லாமலே கேட்கும்.

போனை வைத்துவிட்டு மறுபடி ஓட விட்டான். வைல்ட் யாரிடமோ காசு கேட்டு, அதை அரை மணியில் குடித்துத் தீர்க்கும் இடம். இவன் சிரிக்கத் தொடங்கினான். நான் திரும்பிப் பார்த்தேன்.

“இந்த மாதிரி ஒருத்தனா இருக்கறதுக்கு எனக்கு லைசென்ஸே கிடையாது, மச்சான்.”

“யாருக்குடா இருக்கு?”

“உனக்கு இருக்கு. நீ நாளைக்கே வேலைய விட்டுட்டுக் குடிச்சிட்டுத் திரிஞ்சேன்னு வையி. ‘பய கெட்டுப்போயிட்டான்’னு உன்னத்தான் சொல்வாங்க. நான் திரிஞ்சா என்ன சொல்வாங்க? ‘இவனுங்களே இப்பிடித்தான்’. ஆபீஸ்ல ஒரு நாள் லேட்டாப் போறதுக்குக்கூட நான் யோசிக்கிறேன்டா. மொத்தப் பேருக்கும் சேத்து நான் நல்லவனா இருக்கணும்.”

பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. படம் முடிந்ததும் பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

*

அதன்பிறகு மூன்றாம் தடவை தனியாகப் பார்த்தேன், புத்தகங்களையும் தேடிப் படித்தேன். வைல்டின் கடைசி வருடங்களைப் பற்றிக் கிடைப்பதில் பாதி சிரிப்பை வரவழைக்கும். ஒரு நாடகத்தின் கதைச்சுருக்கம் அவர் கையில் இருந்தது. அதை ஒருவருக்கு விற்றார். பிறகு இன்னொருவருக்கு. பிறகு இன்னும் சிலருக்கு. ஒரே லைசென்ஸ் கீயை ஐந்தாறு பேருக்கு விற்பது மாதிரி. கடைசியில் நண்பர் ஃபிராங்க் ஹாரிஸ் நல்ல மனதோடு அதை வாங்கி முழு நாடகமாக எழுதி 1900 அக்டோபரில் மேடையேற்றினார். உடனே முன்பணம் கொடுத்த மற்றவர்கள் ஒவ்வொருவராக அவர் வாசலுக்கு வந்தார்கள். ஹாரிஸ் அவர்களுக்குப் பணம் கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. வைல்டோ, தனக்குச் சேர வேண்டிய மிச்சப் பணத்தை ஹாரிஸ் தரவில்லை என்று சாகும்வரை புலம்பினார்.

இந்த ஆளைத்தான் தண்டனையால் புடம் போடப்பட்ட ஞானியாகப் பார்க்க நமக்கு ஆசை. ‘டி ப்ரொஃபண்டிஸ்’ எழுதியபோது அவருக்கே அந்த ஆசை இருந்திருக்கிறது. அவரை உடைத்த இடம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் மாதங்களில் பழைய கயிற்றை நகத்தால் பிரித்து நாராக்கும் வேலை. பேச அனுமதி கிடையாது. கீழே விழுந்து காதில் பட்ட அடி கடைசிவரை தீரவில்லை, சாவுக்குச் சில வாரம் முன்பு ஓட்டல் அறையிலேயே அந்தக் காதுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சிறை மாற்றும்போது கிளாப்பம் ரயில் நிலைய மேடையில் கைதி உடையில், விலங்கோடு, மழையில் அரை மணி நேரம் நிற்கவைத்தார்கள். அடையாளம் தெரிந்ததும் கூட்டம் சிரித்தது. படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. அதிக நேரம் ஓடாது. ஒருவன் முகத்தில் துப்புகிறான், எவரெட் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார். இன்னொரு இடத்தில், பிரான்ஸில், ஆங்கிலேய இளைஞர்கள் சிலர் அவரையும் நண்பர்களையும் தெருத்தெருவாகத் துரத்தி ஒரு தேவாலயத்துக்குள் விரட்டுகிறார்கள். தண்டனைக்காலம் முடிந்துவிட்டது என்று நீதிமன்றம்தான் சொல்கிறது. தெருவுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்படி நடத்தப்பட்டவர் அதனால் நல்லவராக மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் ஒரு கொடூரம் இருக்கிறது. அடித்தவனின் அடிக்கு அது ஒரு பயனைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. எவரெட்டின் வைல்ட் அந்தப் பயனைத் தர மறுக்கிறார். கடன் வாங்குகிறார், பொய் சொல்கிறார், நண்பர்களைக் கறக்கிறார், தன்னைக் கெடுத்தவனிடமே திரும்பிப் போகிறார். இவ்வளவையும் காட்டிவிட்டு, இந்த ஆளுக்கு நடந்தது அநியாயம் என்று படம் சொல்கிறது. நம்முடைய அனுதாபத்துக்கு எந்த நற்சான்றிதழும் கேட்காமல் சொல்கிறது. டூரிங் படத்துக்குப் போர் இருந்தது. இந்தப் படத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இதை எவரெட் செய்ததற்கு அவருடைய சொந்தக் கதையும் காரணம் என்று நினைக்கிறேன். ஹாலிவுட்டில் கதாநாயகனாக வரக்கூடிய முகம். தன்னை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டது தன் வாய்ப்புகளைப் பாதித்தது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். வைல்டின் நாடகங்களை வைத்து எடுத்த இரண்டு படங்களில் நடித்தவர், மேடையில் வைல்டாகவே நடித்தவர். இந்தத் திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறத்தாழ பத்து வருடம் அலைந்திருக்கிறார். இயக்க யாரும் கிடைக்காததால் தானே இயக்கினார். அழகுக்குப் பேர்போன ஒரு நடிகர் அறுபதை நெருங்கும்போது தன் முகத்தைத் தானே இப்படிச் சிதைத்துக் காட்டுவதில் ஒரு பழிவாங்கல் இருக்கிறது. யாரை என்றுதான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

*

படத்தின் பெயர் வைல்ட் 1888இல் எழுதிய குழந்தைக் கதையிலிருந்து வந்தது. ஊர் நடுவே தங்கத் தகடு போர்த்திய இளவரசன் சிலை. எகிப்துக்குப் போக வேண்டிய ஒரு குருவி அங்கே தங்குகிறது. இளவரசன் ஊரின் வறுமையைப் பார்த்துத் தன் வாளில் இருக்கும் மாணிக்கம், கண்களான நீலக்கற்கள், உடம்பின் தங்கம் என்று ஒவ்வொன்றாகக் குருவியிடம் கொடுத்தனுப்புகிறான். குளிர் வந்து குருவி செத்துவிடுகிறது. பொலிவிழந்த சிலையை ஊர்ப் பெரியவர்கள் உருக்கிவிடுகிறார்கள். படத்தில் வைல்ட் இந்தக் கதையை முதலில் தன் இரண்டு மகன்களுக்குச் சொல்கிறார். பிறகு பாரிஸில், படுத்துக்கொண்டு, தெருவில் பழக்கமான ஓர் இளைஞனுக்கும் அவன் தம்பிக்கும் தவணை முறையில் சொல்கிறார்.

பெற்ற பிள்ளைகளை 1895க்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. அவர்கள் பெயரின் கடைசிப் பகுதியைக்கூட ‘ஹாலண்ட்’ என்று மாற்றிவிட்டார்கள். அந்தக் கதை போய்ச்சேர வேண்டிய காதுகள் வேறு நாட்டில் இருக்க, கூலிக்கு வந்த காதுகளுக்கு அதைச் சொல்வது நல்ல யோசனைதான். ஆனால் படம் இங்கே கொஞ்சம் குழைகிறது, கேப்ரியல் யாரெடின் இசையும் கூடவே குழைகிறது. வைல்ட்தான் அந்த இளவரசன், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மொட்டையாக நிற்கிறார் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டுமாம். எனக்கு அது ஒட்டவில்லை. இளவரசன் தானாகக் கொடுத்தான். வைல்டிடமிருந்து சுரண்டி எடுத்தார்கள். அவரும் தன் பங்குக்குச் சுற்றியிருந்தவர்களைச் சுரண்டினார்.

அந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஓர் ஆள் இருக்கிறான். மாடியறையில், நெருப்பில்லாத குளிரில், நாடகத்தை முடிக்க முடியாமல் பசியில் மயங்கிக் கிடக்கும் இளம் எழுத்தாளன். இளவரசனின் ஒரு கண் அவனுக்குத்தான் போகிறது. யாரோ ரசிகர் அனுப்பியது என்று அவன் பெருமைப்பட்டுக்கொள்கிறான். முப்பதுகளின் தொடக்கத்தில், லண்டனில் வசதியான வீட்டில் உட்கார்ந்து இதை எழுதியவர், பன்னிரண்டு வருடம் கழித்து அதே அறைக்கு வந்து சேர்ந்தார். வித்தியாசம் என்னவென்றால் கதையில் இருப்பவனுக்கு எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தது. ‘ரீடிங் சிறைப் பாடலுக்கு’ப் பிறகு வைல்ட் புதிதாக எதையும் எழுதி முடிக்கவில்லை. வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார், கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள், கேட்டது காற்றோடு போனது.

குருவி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராபி ராஸ். வைல்டின் பழைய காதலர், கடைசிவரை நண்பர், எட்வின் தாமஸ் அமைதியாக நடித்திருக்கிறார். எந்த நாட்டுக்கோ போய்த் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், இந்தச் சிலையின் காலடியிலேயே நின்றுவிட்டார். வைல்ட் இறந்த பிறகு கடன்காரர்களுக்குப் பணம் கொடுத்து, திவாலை ரத்து செய்யவைத்து, நூல்களின் உரிமையை மீட்டு, அதன் வருமானம் பிள்ளைகளுக்குப் போகும்படி செய்தது ராபிதான். பதிலுக்கு போஸி பல வருடங்கள் அவரை வழக்குகளாலும் அவதூறுகளாலும் துரத்தினான். (அந்தப் பழக்கம் போஸியை விடவில்லை. 1923இல் சர்ச்சிலைப் பற்றி அவதூறாக எழுதி ஆறு மாதம் உள்ளே இருந்தான்.) 1918இல் இறந்த ராபியின் சாம்பலை 1950இல் பாரிஸில் வைல்டின் கல்லறைக்குள்ளேயே வைத்தார்கள். அப்படி வேண்டும் என்பது ராபியின் விருப்பம்.

கான்ஸ்டன்ஸுக்குத்தான் படம் சரியாக இடம் கொடுக்கவில்லை. எமிலி வாட்சன் கொஞ்ச நேரமே வருகிறார், முதுகெலும்பு வலியோடு நடக்கிறார், கடிதம் படிக்கிறார், இறந்துபோகிறார். நேப்பிள்ஸ் பகுதியில் பணத்தை நிறுத்தும் மனைவி என்ற அளவில் பார்வையாளர் அவரை மறந்துவிடலாம். டப்ளினில் என் நண்பன் மறக்கவில்லை. “எனக்கும் ஒரு பொண்ணப் பாத்து வச்சிருந்தாங்கடா, தென்காசிப் பக்கம். பி.ஃபார்ம். போட்டோகூட அனுப்பிட்டாங்க. அது இப்ப எங்கயாவது நல்லா இருக்கும்,” என்று பூங்காவிலேயே சொன்னான், அந்தத் தூணின் பக்கத்தில் நின்றுகொண்டு.

1896 பிப்ரவரியில் வைல்டின் அம்மா இறந்த செய்தியை அந்நியர் யாரும் போய்ச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, உடம்பு முடியாத நிலையில் கான்ஸ்டன்ஸ் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து ரீடிங் சிறைவரை பயணம் செய்தார். அதன்பிறகு அவர்கள் இருவரும் சந்திக்கவில்லை. 1898 ஏப்ரல் 7 அன்று ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜெனோவாவில் இறந்தார்.  ஸ்டாலியேனோ இடுகாட்டில் புதைத்தார்கள். கல்லில் இன்னாருடைய மகள் என்று பொறித்தார்கள், கணவர் பெயர் இல்லை. அடுத்த வருடம் வைல்ட் அங்கே போனார். பூ வைத்துவிட்டு, கல்லில் தன் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு, அழுதுவிட்டு வந்ததாக ராபிக்கு எழுதினார்.

1963இல் அந்தக் கல்லில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள்: ஆஸ்கார் வைல்டின் மனைவி.